ஓர்க்குகளின் பிறப்பு: டோல்கீனின் ஓரக்குறிப்பு ஒன்றை முன்வைத்து

ஓர்க்குகள், அதாவது ‘ஹாபிட்’ நாவலின் கோப்ளின்கள், மனிதரைச் சிதைத்து உருவாக்கப்பட்டவை என்பதே ஜே.ஆர்.ஆர். டோல்கீன் கடைசியாக வந்தடைந்த கருத்து என்று அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் கருதினார். 1993இல் வெளிவந்த ‘மோர்காத்ஸ் ரிங்’ தொகுதியில் அவர் சொன்ன இம்முடிவைப் பின்வந்தோர் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டனர். என்னால் ஏற்க இயலவில்லை.

தொடக்க நிலை பற்றிச் சிக்கல் இல்லை. 1916-17 அளவில் எழுதப்பட்ட கொண்டோலின் வீழ்ச்சிக் கதையில் தீமையின் தலைவன் மெல்கோ (பின்னாளில் மெல்கோர்) பூமிக்கடியின் வெப்பத்திலும் சேற்றிலுமிருந்து ஓர்க்குகளை உண்டாக்குகிறான். 1930ஆம் ஆண்டின் ‘குவெண்டா’வில் கல்லிலிருந்து. தீமையால் உயிரைப் படைக்க முடியாது என்ற கொள்கை வலுப்பெற்றபின் இவ்விரண்டும் நிற்கவில்லை. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் (1954-55) மர மனிதரான ட்ரீபியர்ட் ஓர்க்குகளை எல்ஃபுகளின் போலிகள் என்கிறார். நிழல் போலிசெய்யுமே தவிரப் புதிதாக எதையும் ஆக்காது என்பது சாமிடம் ஃப்ரோடோ சொல்வதன் சாரம்.

1950களின் தொடக்கத்தில் எழுதிய ‘அமான் ஆண்டுநூல்’, சிறைப்பட்ட எல்ஃபுகள் கொடுமையால் மெல்ல மெல்லச் சிதைக்கப்பட்டு ஓர்க்குகளாயினர் என்கிறது. 1977இல் கிறிஸ்டோபர் பதிப்பித்த ‘சில்மரில்லியன்’ இதையே பின்பற்றியது. அங்கும்கூட இது எல்ஃபுகளின் தீவான எரெஸ்ஸேயாவின் அறிஞர்கள் நம்பியதாகவே சொல்லப்படுகிறது. ஆசிரியர் கூற்றாக அன்று.

அந்த ஆண்டுநூல் பகுதிக்கு எதிரே ஓரத்தில் டோல்கீன் பின்னாளில் ஒரு குறிப்பு எழுதினார். இதை மாற்ற வேண்டும், ஓர்க்குகள் எல்ஃப் வழியினர் அல்லர் என்பது அதன் பொருள். அவ்வளவுதான். யார் வழியினர் என்று அதில் இல்லை. மனித வழித் தீர்வு அப்போதே கையில் இருந்திருந்தால், பின்னால் திருத்தி எழுதத் தனக்கே வழிகாட்டியாக அதையும் ஒரு சொல்லில் அவர் சேர்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். எனவே இக்குறிப்பு எல்ஃப் கருத்தை விலக்கிய நிலையைக் காட்டுகிறதே தவிர, அதன் இடத்தில் எதையும் வைத்ததைக் காட்டவில்லை. குறிப்பின் காலத்தை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அது பிந்தியதாக இருந்தால் என் வாதம் தளரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப அவர் தடுமாறியதற்கு அதே 1993 தொகுதியே சான்று. அதிலுள்ள ஒரு கட்டுரையில் ஓர்க்குகள் மனித உருவுக்கு மாற்றப்பட்ட விலங்குகள். அவற்றின் பேச்சு மெல்கோர் உள்ளே பதித்துவைத்த இசைத்தட்டு ஓடுவது போன்றது. ஆனால் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் கிரித் உங்கோலில் ஓர்க்குகளான ஷாக்ராத்தும் கோர்பாகும் பேசுவதைக் கேட்டவர் எவரும் இதை ஏற்க மாட்டார். மேலிடத்தைக் குறைசொல்கிறார்கள், பழைய நாட்களை நினைத்துக்கொள்கிறார்கள், நம்பகமான சிலரோடு எங்காவது விலகிப் போய், பெரிய தலைவர்கள் இல்லாமல் பிழைக்கலாமா என்று கணக்குப் போடுகிறார்கள். பதிவான தட்டு எதிர்காலத்துக்குத் திட்டம் தீட்டாது. தாம் முன்பு எழுதி அச்சிட்ட அந்த உரையாடல் டோல்கீனுக்கே தடையாக நின்றது. அதே கட்டுரையில் எல்ஃப் கலப்பு இருக்கக்கூடும் என்ற வாசலையும் அவர் முழுதாக அடைக்கவில்லை.

மனித வழிக் கருத்துக்கு வேறொரு இடர் உண்டு. பழைய புராண அமைப்பில் மனிதர் முதல் சூரியோதயத்தோடுதான் விழிக்கின்றனர். ஓர்க்குகளோ அதற்கு முன்பே இருக்கின்றன. மெல்கோர் திட்டமிட, அவன் சிறையிலிருந்த காலத்தில் அவன் ஊழியன் சௌரோன் செய்துமுடித்தான் என்று டோல்கீன் எழுதிப்பார்த்தார். அதற்கும் மனிதரின் விழிப்பைப் பல காலம் முன்தள்ள வேண்டும். சூரியன் ஆதியிலிருந்தே உண்டு என்று அண்டவியலையே மாற்றியமைக்கும் 1950களின் பிற்பகுதி முயற்சியோடு இது பிணைந்தது. அம்முயற்சியை அவர் முடிக்கவில்லை. காலவரிசைச் சிக்கலைக் கிறிஸ்டோபரும் அறிந்தவரே. அறிந்திருந்தும், முடியாத கட்டடத்தின் மேல்தளத்தை முடிந்த முடிவாகக் கொண்டார் என்பதே என் மறுப்பு.

இப்படிப் பார்த்தால் 1977 பதிப்பின் தேர்வு ஒருவகையில் நியாயமானது. பழைய சூரியக் கதையை வைத்துக்கொண்டு மனித வழியை அச்சிட்டிருந்தால் நூல் தன்னோடு தானே முரண்பட்டிருக்கும். ஆனால் பதிப்பாசிரியரின் தேவையிலிருந்து எழுந்த தேர்வை ஆசிரியரின் கோட்பாடாக மேற்கோள் காட்டுவது தவறு. ஓர்க்குகள் எல்ஃபுகளே என்றோ மனிதரே என்றோ எழுதுவோர், எந்த ஆண்டின் எந்தப் பிரதியைச் சொல்கிறோம் என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.