சமாரியம் ஊசியும் ரக்பி பந்து அணுக்கருவும்

புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவின ஒரு பெரியவர். வார்டுல ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார், படுத்தா வலி. மார்ஃபினுக்கும் ஓரளவுதான் கேட்டுச்சு. வேற ஒரு பெரிய சென்டருக்கு அனுப்பினோம், அங்க சமாரியம்-153 ஊசி போட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தப்ப "படுத்துத் தூங்கறேன் டாக்டர்"னார். கூட வந்த மகன் கேட்டார்: "அது என்ன மருந்து சார், அணுகுண்டு சமாச்சாரமா?"

"அணு சமாச்சாரம்தான், குண்டு இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டேன். ஓபில நூத்தம்பது பேர் நிக்கும்போது வேற என்ன சொல்ல? ஆனா கேள்வி மண்டையில ஒட்டிக்கிச்சு. நான் வெறும் எம்பிபிஎஸ், பன்னிரண்டாம் வகுப்போட இயற்பியலை மூட்டை கட்டினவன். நைட் டூட்டில தேடிப் படிச்சப்ப கிடைச்ச கதை இது. கொஞ்சம் நீளமான த்ரெட், டீயோட வாங்க.

1930களில் நீல்ஸ் போர் அணுக்கருவை ஒரு திரவத்துளி மாதிரி பார்த்தார். உள்ளே இருக்கிற புரோட்டானும் நியூட்ரானும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு மொத்தமா ஒரே துளியா அதிரும். 1939ல யுரேனியம் பிளவுபடுவதை விளக்கினது இந்தத் துளிதான்.

பத்து வருஷத்துல நேர் எதிரான படம் வந்தது. 2, 8, 20, 28, 50, 82, 126. நியூட்ரானோ புரோட்டானோ இந்த எண்ணிக்கையில் இருந்தா கரு ரொம்பக் கெட்டியா இருக்கு. ஏன்? 1949ல அமெரிக்காவில் மரியா கோப்பர்ட் மேயரும், ஜெர்மனியில் யென்சன் குழுவும் தனித்தனியா பதில் சொன்னாங்க. ஒவ்வொரு துகளும் தன் பாட்டுக்குத் தனக்கான தடத்தில் சுத்துது. தடங்கள் கூடு கூடா அடுக்கி இருக்கு. அந்த எண்கள் வந்தா ஒரு கூடு நிரம்பி மூடிக்குது. (மேயர் பல வருஷம் சம்பளமே இல்லாம ஆராய்ச்சி செஞ்சவர். 1963ல நோபல் கிடைச்சப்ப உள்ளூர் பேப்பர் "விஞ்ஞானி"ன்னு போடாம, சான் டியாகோ அம்மாவுக்கு நோபல்னு தலைப்பு வச்சுது. வேற என்னத்த சொல்ல!)

இப்ப சிக்கலைப் பாருங்க. ஒரு படம் கும்பல்ங்குது, இன்னொண்ணு தனி ஆளுங்குது. ரெண்டும் வேலை செய்யுது!

1949 கடைசியில கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் ஒரு உரை கொடுத்தார். கருக்களில் மின்னூட்டம் உருண்டையில இருந்து எவ்வளவு விலகியிருக்குங்கற அளவுகளைப் பத்தி. மூடின கூட்டுக்குப் பக்கத்துல விலகல் சின்னது. தள்ளிப் போகப் போகப் பெருசு. சிலவற்றில் ஒத்தைப் புரோட்டான் கணக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல. ஒரே ஒரு ஆள் செய்யற வேலையா இது?

கேட்டுக்கிட்டிருந்த ஜேம்ஸ் ரெயின்வாட்டருக்குப் பொறி தட்டுச்சு. நம்ம டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. சீட் எல்லாம் ஃபுல், யாரும் அசையல. நின்னுக்கிட்டு வர்ற ஒருத்தர் ஒரு பக்கமாச் சாய்ஞ்சா, உட்கார்ந்திருக்கிறவங்களும் லேசா நகர்ந்துக்குவாங்க. வெளிக்கூட்டில் சுத்தற துகள் உள்ளே இருக்கிற மொத்தக் கருவையும் அப்படி இழுக்குதுன்னார்.

அவர் கணக்கு அழகு. கரு கொஞ்சம் கோணினா அந்தத் துகளுக்குக் கிடைக்கிற ஆற்றல் லாபம் கோணலின் அளவுக்கு நேராக் கூடும். உள்கரு அதை எதிர்க்கிற நட்டமோ கோணலின் வர்க்கமா கூடும். சின்ன எண்ணை வர்க்கம் பண்ணினா இன்னும் சின்னதாத்தானே ஆகும்? அதனால கொஞ்சம் கோணறது எப்பவுமே லாபம். ஆக்சிஜன்-17ஐப் பாருங்க. மூடின கூட்டுக்கு மேல ஒத்தை நியூட்ரான், அதுக்கு மின்னூட்டமே கிடையாது. ஆனாலும் கருவின் மின்னூட்டம் உருண்டையா இல்ல.

அந்த வருஷம் ரெயின்வாட்டரோட அறையைப் பகிர்ந்துக்கிட்டவர் யார் தெரியுமா? ஓகே போர். திரவத்துளி நீல்ஸ் போரோட மகன்! அப்பா நோபல் வாங்கின 1922லதான் பிறந்தவர். ரெயின்வாட்டர் 1950ல கட்டுரை போட்டார். ஓகே, கோபன்ஹேகன் திரும்பி பென் மோட்டல்சனோட சேர்ந்து, தனி ஆளையும் கும்பலையும் ஒரே கணக்குல கட்டினார். மூணு பேருக்கும் 1975ல நோபல்.

சமாரியத்துல இது கண்ணுக்கு நேராவே தெரியுது. 62 புரோட்டான், அதாவது 50க்கு மேல 12. நியூட்ரான் 82ஆ இருக்கிற சமாரியம்-144 கெட்டியான உருண்டை. முதல் துள்ளலுக்கே 1660 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேணும். நியூட்ரானைக் கூட்டக் கூட்ட 148ல 550, 150ல 334. இங்கெல்லாம் கரு துளி மாதிரி அதிருது. ரெண்டே நியூட்ரான் கூட, 152ல 122. 154ல வெறும் 82. இப்ப அது அதிர்வு இல்ல, நீண்டுபோன ரக்பி பந்து மொத்தமாச் சுழலுது. ஒருத்தரைத் தனியா மாடி ஏத்தறது கஷ்டம், எல்லாரும் சேர்ந்து லேசா திரும்பறது சுலபம்.

ரெண்டு வகைத் துகளும் கூட்டுக்கு வெளியே இருக்கணும், அதுதான் விஷயம். வெள்ளீயத்துல புரோட்டான் சரியா 50. நியூட்ரான் 50க்கும் 82க்கும் நடுவுல இருக்கிற இரட்டைப்படை வெள்ளீயங்கள்ல, நியூட்ரானைக் கூட்டினாலும் முதல் துள்ளல் 1200 பக்கத்துலயே நிக்குது.

மூடின கூட்டுக்குள்ள கும்பல் நடத்தையே கிடையாதுன்னும் நினைச்சுடாதீங்க. காரீயம்-208ல 82ம் 126ம் ரெண்டு கூடும் மூடியாச்சு. அதோட முதல் துள்ளலே கரு மொத்தமும் பேரிக்காய் வடிவத்துல அதிர்றதுதான். அடங்கும்போது 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வரும். தோரியம் சிதைவுத் தொடரோட கடைசிப் படி அது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல கூட வந்துக்கிட்டே இருக்கு.

சரி, நம்ம பெரியவர். அவருக்குப் போட்ட சமாரியம்-153ல நியூட்ரான் 91, கரு நீண்டுபோன பக்கத்துல இருக்கு. சுமார் 46 மணி நேரத்துல பாதி, பீட்டா கதிரை விட்டுட்டு யூரோப்பியம்-153 ஆகிடும். 1935ல, கரு உருண்டையா இருக்கணும்னு அவசியமில்லன்னு ஷூலரும் ஷ்மிட்டும் முதல்ல கண்டுபிடிச்சது யூரோப்பியத்துலதான்.

அடுத்த ரிவ்யூல மகன்கிட்ட சொன்னேன். ஓபி சீட்டுக்குப் பின்னாடி பந்தை வரைஞ்சு காட்டினேன். "அப்பா எலும்புக்குள்ள இதா சார் இருக்கு?"ன்னு சீட்டை வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். பெரியவர் பெஞ்சுல சாய்ஞ்சு தூங்கிட்டிருந்தார்.