பேச்சு வராத வயசும் ஒரு கையேடும்

"சின்னப் பிள்ளைதானே, அதுக்கென்ன தெரியும்?" அப்பா அம்மாவை அடிக்கிற வீடுகளில் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. மருத்துவமும் ரொம்ப நாள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல் தன் மூன்றாம் கையேட்டில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்த்தபோது, கண்முன் நின்றவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். கெட்ட கனவு வருதா என்று கேட்டால் அவர்கள் சொல்வார்கள். இரண்டு வயதுக் குழந்தை? அது பொம்மையைத் திரும்பத் திரும்ப அடிக்கும். கற்ற பேச்சை மறக்கும். கதவு சாத்துற சத்தத்துக்குத் துள்ளி விழும்.

1995-ல் மைக்கேல் ஷீரிங்காவும் சார்லஸ் ஸீனாவும் நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். என்னை உலுக்கிய முடிவு: பாதிப்போடு மிக அழுத்தமாகத் தொடர்புபட்டிருந்தது, தன்னை வளர்ப்பவருக்கு வந்த ஆபத்தைப் பிள்ளை பார்த்ததுதான். பயந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் ஆளே நடுங்கினால், பிள்ளை எங்கே போகும்?

பிள்ளை சொல்வதை விட்டுவிட்டு, செய்வதைப் பார்த்துக் கணியுங்கள் என்றார்கள் இருவரும். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான தனி அளவுகோல் கையேட்டில் ஏறியது 2013-ல். பதினெட்டு வருஷம்!

சான்பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் குழு அதற்குக் காத்திருக்கவில்லை. அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து, விளையாட்டு வழியே நடந்ததைப் பேசவைத்தார்கள், வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருஷம். 2005-ல் வெளியான ஆய்வில் பிள்ளைகளின் அறிகுறிகள் குறைந்திருந்தன, அம்மாக்களுடையதிலும் சில.