லண்டனை மூடிய ஐந்து நாள் புகை

லண்டன்காரர்களுக்குப் புகை புதிதல்ல. 1661இலேயே எழுத்தாளர் ஜான் ஈவ்லின், நகரத்து நிலக்கரிப் புகையைச் சாடி ‘ஃப்யூமிஃப்யூஜியம்’ என்றொரு சிறு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் முறையிட்டார். மன்னருக்கு யோசனை பிடித்திருந்தது, நடந்தது ஒன்றுமில்லை.

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. கடுங்குளிர், வீட்டுக்கு வீடு கணப்பு எரிந்தது. போருக்குப் பிந்தைய கடன் நெருக்கடியில் நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போக, மக்களுக்குக் கிடைத்தது கந்தகம் மிகுந்த மட்டக் கரி. கடைசி ட்ராம் அந்த ஜூலையில்தான் ஓய்ந்து, டீசல் பேருந்துகள் அதன் இடத்துக்கு வந்திருந்தன. காற்று அசையவில்லை. தரையோடு ஒட்டிய குளிர்காற்றை மேலே இருந்த வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் அமுக்க, புகை முழுதும் கீழேயே தங்கியது. நடத்துநர்கள் விளக்கோடு முன்னால் நடந்து பேருந்துகளுக்கு வழி காட்டினார்கள். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் புகை உள்ளே புகுந்ததால் ‘லா ட்ராவியாட்டா’ பாதியில் நின்றது. கால்நடைக் கண்காட்சிக்கு வந்த பரிசு மாடுகள் சில மூச்சுத் திணறிச் செத்தன.

மாடுகள் செய்தியாயின. மனிதச் சாவு எவர் கண்ணிலும் படவில்லை.

தெருவில் யாரும் விழுந்து கிடக்கவில்லையே! கரிப் புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடு மூடுபனித் துளிகளில் கரைந்து அமிலமாகி மூச்சுக்குழாயை எரித்தது. குழாய் சுருங்கிச் சளி அடைக்க, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. ஏற்கெனவே தளர்ந்த இதயம் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. முதியவர்களும் நோயாளிகளும் வீட்டுப் படுக்கையிலும் மருத்துவமனையிலும் தனித்தனியே இறந்தார்கள். இறப்புப் பதிவுகளைக் கூட்டியபோதுதான் உண்மை தெரிந்தது: டிசம்பர் 13இல் முடிந்த வாரத்தில் பெருநகர லண்டனில் 4,703 மரணங்கள், வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேல்.

புகை விலகிய பின்னும் சாவு வழக்கமான அளவுக்குக் குறையவில்லை. அதை அரசு இன்ஃப்ளுயன்சா காய்ச்சலின் தலையில் கட்டியது. வசதியான விளக்கம்தான். சுமார் 4,000 பேர் என்ற அதிகாரபூர்வக் கணக்கு அரை நூற்றாண்டு நின்றது. 2001இல் ஆய்வாளர்கள் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் இருவரும் அடுத்த மாதங்களின் பதிவுகளையும் ஆராய்ந்து 12,000 வரை மதிப்பிட்டனர்.

சட்டமும் தானாக வரவில்லை. 1953இல் காற்று மாசை ஆராய ஹியூ பீவர் தலைமையில் குழு அமைந்தது. (கின்னஸ் சாதனைப் புத்தகத்துக்கு வித்திட்டவரும் இதே பீவர்தான்.) ஜெரால்ட் நபாரோ என்ற ஆளுங்கட்சி எம்.பி. தனிநபர் மசோதாவைக் கையிலெடுத்து நெருக்க, அரசு தானே மசோதா கொண்டுவந்தது. 1956 ஜூலையில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகையில்லா மண்டலங்கள் வந்தன. வீட்டு அடுப்புகளை மாற்ற மானியம் கிடைத்தது. ஆனாலும் 1962 டிசம்பரில் இன்னொரு புகைமூட்டம் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது.

நிலக்கரிப் புகை பிறகு மறைந்தது. டீசல் புகை தங்கிவிட்டது. தென்கிழக்கு லண்டனில் நெரிசலான சாலைக்கருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி அவள் மரணக் காரணங்களில் காற்று மாசையும் சேர்த்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை.