பெயர் எழுதப்படாத கலைஞர்

சீன நண்பர்களின் இல்லங்களிலும் சங்க மண்டபங்களிலும் தொங்கும் சுருள் ஓவியங்களை நாம் அனைவரும் கண்டிருப்போம். வரைந்தவரின் பெயரும் முத்திரையும் அவற்றில் இருக்கும். அவற்றைத் தொங்கும் நிலைக்குக் கொண்டு வந்தவரின் பெயர் பெரும்பாலும் இராது. அவரது கலையைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

சீன ஓவியங்கள் மெல்லிய தாளிலோ பட்டிலோ தீட்டப்படுபவை. மை உலர்ந்ததும் தாள் நெளிந்துவிடும். கைவினைஞர் அதனைக் கவிழ்த்து, ஈரப்படுத்தி, தூரிகையால் நீவி, பின்புறம் மற்றொரு தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டுவார். பிறகு பட்டுக் கரைகளை இணைத்து, மேலும் தாள் சேர்த்து, பலகையில் ஒட்டி உலர்த்தி, இறுதியில் கீழே உருளையைப் பொருத்துவார்.

847ஆம் ஆண்டில் சாங் யென்யுவான் என்னும் அறிஞர் தமது ஓவிய வரலாற்று நூலில் இக்கலையை விளக்கியுள்ளார். பசை காய்ச்சுகையில் கோதுமையின் பிசினான புரதத்தை நீக்க வேண்டும் என்பதும், இலையுதிர் காலமே இப்பணிக்குச் சிறந்தது என்பதும் அவர் கூறியவை. புரதம் நீங்கிய பசை மென்மையானது. நீர் பட்டால் இளகும். ஆகவே, பல தலைமுறை கழித்துப் பின்தாள் நைந்தாலும் அதனை உரித்துப் புதிது ஒட்டலாம். ஓவியத்தைத் தொட்டிருக்கும் முதல் தாளைச் சீனர் 'உயிர்த்தாள்' என்பர். அதனை உரிக்கையில் கை தவறினால் மையும் உடன் வந்துவிடும். மிங் காலத்தின் இறுதியில் இக்கலைக்கெனத் தனி நூல் இயற்றிய சோவ் ஜியாசோவ், பழைய ஓவியத்தை நோயாளிக்கும் கைவினைஞரை மருத்துவருக்கும் ஒப்பிட்டது இதனாற்றான்.

கூ கைசியின் பெயரால் வழங்கும் 'அறிவுரைச் சுருள்' 1903இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. பின்னர் அங்கே அது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுப் பலகைகளில் தட்டையாகப் பதிக்கப்பட்டது. கையால் சிறிது சிறிதாக விரித்துக் காணும் பழைய அமைப்பு அத்துடன் மறைந்தது. சீன அரசு 2008இல் இக்கலையைத் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பள்ளியின் பழைய நிழற்படங்களையும் தாத்தா பாட்டியின் சான்றிதழ்களையும் பாதுகாப்பதாக எண்ணி நெகிழி உறைக்குள் சூடேற்றி ஒட்டிவிடுகிறோம். ஒட்டியதைப் பின்னர்ச் சேதமின்றிப் பிரிப்பது மிக அரிது. ஒட்டுமுன் ஒரு கணம், இதனைப் பின்வருவோர் பிரிக்க இயலுமா எனச் சிந்திப்போமாக.