வண்ணக்கர், மரைக்காயர், துறவி: வாகரை முதல் காரைதீவு வரை பொதுப்பணியின் வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பாறு என்னும் களப்பும் காடும் சூழ அமைந்த வாகரை, இன்று கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்தின் நிர்வாக மையமாக விளங்குகின்றது. ‘பற்று’ என்பது பழைய நிர்வாகப் பிரிவொன்றின் பெயராகும். மட்டக்களப்பின் பண்பாட்டை ஆராய்ந்தோர், வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் எழுவான்கரையையும் மேற்கே நெல்வயல் விரிந்த படுவான்கரையையும் பற்றி விரித்துரைத்து, வாகரையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதே வழக்கம். ஆயினும் பல குடிகளும் சமயங்களும் அருகருகே வாழ நேர்ந்த இந்நிலத்தில் பொதுக்காரியத்துக்குத் தலைமை தாங்கும் முறை எவ்வாறு உருப்பெற்றது, அது யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை எல்லையில் நிறுத்தியது என்ற வினாக்களுக்கு, மையத்திலிருந்து நோக்குவதைவிட வடகோடியிலிருந்து நோக்கும்போதே தெளிவான விடை கிடைக்கின்றது.

மட்டக்களப்புத் தமிழரின் சமூக அமைப்புக்கு அடிப்படையாக இருப்பது குடி முறையாகும். குடி என்பது தாய்வழியாகத் தொடரும் உறவுக் கூட்டம். பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர், ஒரே குடிக்குள் மணவுறவு கொள்வதில்லை. உலகிப்போடி குடி, படையாட்சி குடி, காலிங்கா குடி என்பன முக்குவர் சமூகத்தின் புகழ்பெற்ற குடிகளுட் சிலவாகும். முதுசொம் எனப்பட்ட பரம்பரைச் சொத்து ஓர் ஆணிடமிருந்து அவனுடைய மக்களுக்குச் செல்லாமல் சகோதரியின் மக்களுக்குச் செல்வதை விதித்த முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரித்தோ 1876-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வழமையைப் படிப்படியாக வழக்கிழக்கச் செய்தது. நிலத்தின் மீது செல்லாக்காசாகிப்போன குடி, கோயிலில் மட்டும் தன் அதிகாரத்தை விடவில்லை.

அவ்வதிகாரத்தின் வடிவமே வண்ணக்கர் பதவி. வண்ணக்கர் என்பவர் கோயிலின் வரவு செலவு, திருவிழா, திருப்பணி ஆகியவற்றைக் குடியின் சார்பில் பொறுப்பேற்று நடத்துபவர். பல குடிகளுக்குரிய பெருங்கோயில்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்ணக்கர்கள் இருப்பதும், அவர்களுள் ஒருவர் தலைமை வண்ணக்கராக அமைவதும் உண்டு. இது ஊதியத்துக்குரிய வேலையன்று. கையிலுள்ளதைச் செலவிட்டு மதிப்பை ஈட்டும் பொறுப்பாகும். திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் சாதிகளுக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. சலவைத் தொழிலாளர், பறை முழக்குவோர் உட்பட ஒவ்வொரு பிரிவினருக்கும் அவரவர்க்குரிய கடமையும் அதற்குரிய வரிசையும், அதாவது மரியாதையும், வகுக்கப்பட்டிருந்தன. பூசை முடிவில் குடிகளின் பெயர்கள் முறைப்படி உரத்துக் கூறப்பட, ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் முன்வந்து வெற்றிலையையும் பிரசாதத்தையும் பெற்றுக்கொள்வார். இதனைக் ‘குடுக்கை கூறுதல்’ என்பர். அழைக்கும் வரிசை ஓரிடம் பிசகினாலும் வழக்கு நீதிமன்றம் வரை செல்லும் அளவுக்கு இதிலுள்ள மானப் பிரச்சினை பெரிது. இம்முறையைச் சமத்துவம் என்று போற்றுவது மிகையாகும். எவரும் விடுபடாமல் பார்த்துக்கொண்ட இவ்வேற்பாடு, எவரும் தத்தம் இடத்தை விட்டு உயராமலும் பார்த்துக்கொண்டது.

வாவிக்கரை முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையையே பின்பற்றி வந்துள்ளனர். அவர்களிடையே குடிக்கொருவராகத் தெரிவுசெய்யப்படும் மரைக்காயர்கள் ஒன்றுகூடிப் பள்ளிவாசலின் காரியங்களைக் கவனித்தனர். தமிழரின் வண்ணக்கரும் முஸ்லிம்களின் மரைக்காயரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பதவிகள் என்பதில் ஐயமில்லை. முஸ்லிம் பள்ளிவாசல்களையும் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளையும் பற்றிய 1956-ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம், பதிவுசெய்யப்பட்ட நம்பிக்கையாளர் சபைகளை ஏற்படுத்தி, அப்பொறுப்பை அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. இரண்டு சமூகங்களும் தத்தம் வழிபாட்டிடத்துக்குள் பங்கீட்டுக் கலையில் இவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தும், இரண்டுக்கும் பொதுவான ஓர் அவையை உருவாக்காமற் போனது பின்னாளில் பெருங்குறையாக உணரப்பட்டது.

வாகரைக்கு வரும்போது இந்தக் கட்டுக்கோப்பு தளர்ந்துவிடுகின்றது. குடிக்கோயில்களைத் தாங்கிநின்றது படுவான்கரையின் நெல். வாகரையிலோ மீன்பிடியும் சேனைப் பயிர்ச்செய்கையும் தேனெடுப்புமே வாழ்வாதாரம். காடு வெட்டி எரித்து, ஓரிரு போகம் விதைத்தபின் கைவிடும் நிலம் சேனை எனப்படும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் வாழ்ந்து, மீன்பிடித்து, தமிழையே பேசிவந்த வேடர்களைப் பற்றி, 1911-இல் வெளியான தமது ‘வேடர்கள்’ என்ற ஆங்கில நூலில் செலிக்மன் தம்பதியினர் எழுதியுள்ளனர். குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம் போன்ற ஊர்களில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் சடங்கில் தெய்வம் ஏறி ஆடுபவரே தலைவர். பதவிக்குரிய நிலமோ கணக்கேடோ அங்கில்லை. வாகரைக்கு வடக்கே, ஆற்றங்கரையிலுள்ள வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இவ்விரு உலகங்களும் சந்திக்கும் இடமாகும். அங்குள்ள பழைய தமிழ்க் கல்வெட்டு, கோயில் மதில் எழுப்பிய உபயத்தோடு கயிலாய வன்னியனாரின் பெயரைச் சேர்த்துக் கூறுகின்றது. வன்னியனார் என்பது சிற்றரசர்க்கும் பெருநிலத் தலைவர்க்கும் வழங்கிய பட்டம். கொடுத்தவரின் பெயர் கல்லில் நிற்க, காட்டுவழியே நடந்து வந்து கும்பிட்டோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

பிறப்புரிமையால் வராத முதலாவது தலைமையைக் கிறிஸ்தவ மிஷன்கள் கொண்டுவந்தன. மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814-இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளைத் தொடக்கி, மறு ஆண்டிலேயே இறந்தார். கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873-இல் தோன்றியது. கல்வி கிடைத்தது, அதனோடு மதமாற்ற அச்சமும் வந்தது.

அவ்வச்சத்துக்கு விடையாகவும், குடிப் பங்கீட்டுக்கு மாற்றாகவும் அமைந்தது சுவாமி விபுலாநந்தரின் பணி. மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892-இல் மயில்வாகனம் என்ற பெயரோடு பிறந்து, மிக்கேல் கல்லூரியில் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கிய அவர், 1922-இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924-இல் துறவு பூண்டார். நாடு திரும்பியபின் மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தியதோடு, 1929-இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அதனோடு இணைந்த மாணவர் இல்லத்தில் பெற்றோரை இழந்த சிறுவர்கள் உண்டு, உறங்கி, படித்தனர். பந்தியில் உட்காரும் சிறுவனிடம் அவன் எந்தக் குடி என்று கேளாத இடமாக அது அமைந்ததன் பொருளை, குடுக்கை கூறுதலை அறிந்தவர்களே முழுமையாக உணர முடியும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவர் 1931-இல் பொறுப்பேற்றபோது, வகுப்பு முடிந்தபின் அருகிலுள்ள திருவேட்களத்தின் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். துறவியிடம் கொடுக்க நிலமில்லை, காக்க குடிமானமும் இல்லை. எந்தப் பங்கும் இல்லாதவராக இருந்ததே அவர் எல்லோரிடமும் உதவி கேட்பதையும் எல்லோருக்கும் கொடுப்பதையும் எளிதாக்கியது. 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947-ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்து, சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தமிழுலகு அவரை ‘யாழ் நூல்’ ஆசிரியராகவே பெரிதும் நினைவுகூர்வது, பள்ளிக்கூட முகாமையாளராக அவர் செலவிட்ட ஆண்டுகளை மறைத்துவிட்டது எனலாம். உதவிபெறும் பாடசாலைகளை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், பாடசாலை நிர்வாகம் மிஷனின் கையை விட்டு நீங்கியது.

தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான அவை இல்லாத குறை, உள்நாட்டுப் போரின் நடுவே, 1990-இல் இரத்தத்தால் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட, செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தவரும் இரு சமூகங்களுக்கும் இடையே சமரசம் நாடியவருமான அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஆகஸ்ட் 15 அன்று காணாமல் ஆக்கப்பட்டார். காணாமற்போனோரைப் பதிவுசெய்து குடும்பங்களுக்காக அதிகாரிகளிடம் வாதாடிய மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் அவருடைய சக துறவிகளும் ஊர்ப் பிரமுகர்களும் பணியாற்றினர்.

வாகரையோ 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலிருந்து மீள்வதற்குள் மீண்டும் போருக்குள் அகப்பட்டது. 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை மீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. மீள்குடியேற்றத்தின்போது குடியும் கோயிலும் செய்துவந்த பங்கீட்டை நிவாரணப் பட்டியல் செய்தது. அதில் பெயர் சேர்க்கும் கிராம அலுவலரும் தொண்டு நிறுவனப் பணியாளரும் புதிய இடைத்தலைவர்கள் ஆயினர்.

உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. குடியும் முதுசொமும் பெண்வழியே தொடர்ந்த மட்டக்களப்பில், வண்ணக்கர் பதவியும் மரைக்காயர் பதவியும் மாமனிடமிருந்து மருமகனுக்கு என ஆண்களிடையேதான் கைமாறி வந்தன; பொதுக்காரியத்தில் பெண்ணுக்கென்று சட்டப்படி ஓர் ஆசனம் கிடைப்பதற்கு நாடாளுமன்றத்தின் தலையீடு தேவைப்பட்டது. அச்சட்டம் பிரதேச சபைக்குப் பொருந்தும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்தாது.