மூன்று மாதம் ஆனால் தானாக விட்டுவிடுவார்களா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். ஆலையில் வெடி விபத்து, உயிர்ச்சேதம். வழக்கில் இவரையும் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். "சார், மூணு மாசம் ஆனா அவங்களே விட்ருவாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். "அவங்களா விடமாட்டாங்கம்மா, நாமதான் கேக்கணும்" என்றேன். நம் பக்கத்தில் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுவதுதான். அதனால் இந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்து 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணை முடியாவிட்டால் மொத்தம் 15 நாள் வரை காவலில் வைக்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 நாளில் எந்தக் கொலை வழக்கில் விசாரணை முடியும்? போலீசார் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அரைகுறையாக ஒரு குற்றப்பத்திரிகையைப் போடுவது, பிறகு 344ஆம் பிரிவைக் காட்டி வாய்தா மேல் வாய்தா வாங்கி ரிமாண்டை நீட்டிக்கொண்டே போவது. அந்தப் பிரிவு நீதிமன்றம் வழக்கை ஒத்திவைப்பதற்காக எழுதப்பட்டது. அதற்குள் ஆளையே ஒத்திவைத்துவிட்டார்கள்! சுதந்திரம் வந்து, அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு அந்த 24 மணி நேரத்தை அடிப்படை உரிமையாக்கிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

1969இல் சட்ட ஆணையம் தன் 41ஆவது அறிக்கையில் இதற்கு வழி சொன்னது. 15 நாள் போதாது என்பதை ஒப்புக்கொண்டு, அதிகபட்சம் 60 நாள் என்று எல்லை கட்டச் சொன்னது. 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 167ஆம் பிரிவில் அது ஏறியது. கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். வழக்கு முடிந்துவிடாது, ஆள் வெளியே வரலாம். 1978இல் திருத்தம் வந்து, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டுக்குக் குறையாத சிறை ஆகியவற்றுக்குரிய குற்றங்களுக்கு 90 நாள் ஆனது. மற்றவற்றுக்கு 60 நாள்தான். 2024 ஜூலை முதல் சட்டத்தின் பெயர் மாறி 187ஆம் பிரிவு ஆகிவிட்டது. 60, 90 மாறவில்லை. குண்டர் சட்டம் போட்டால் இந்தக் கணக்கே கிடையாது, ஓராண்டு வரை வைக்கலாம். அது தனிக்கதை.

இந்தக் கணக்குக்குப் பெரிய சோதனை வந்தது கொரோனா காலத்தில். மனு, மேல்முறையீடு தாக்கல் செய்யும் கெடுவை நீட்டித்து 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றப்பத்திரிகைக்கும் அது பொருந்தும் என்று வாதம் கிளம்பியது. நம் மாவட்டத்துக்கும் சேர்த்து உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மே 8 அன்று பொருந்தாது என்றார். மூன்றே நாளில் இன்னொரு நீதிபதி, சமயநல்லூர் ஸ்டேஷன் திருட்டு வழக்கு ஒன்றில், 73 நாள் ஆகியும் ஜாமீன் இல்லை என்றார். அந்த வழக்கு டெல்லி வரை போனது. ஊரடங்கைக் காரணம் காட்டி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்து, எமர்ஜென்சி காலத்துத் தவறையும் நினைவூட்டி, உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. தேதி 2020 ஜூன் 19.

அந்தத் தேதி வேறொன்றையும் நினைவுபடுத்தும். அன்று மாலைதான் சாத்தான்குளத்தில் ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே மகன் பென்னிக்ஸ் போனார். மறுநாளே ரிமாண்ட் ஆகி, நமக்குப் பக்கத்தில் உள்ள கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்துவிட்டார்கள். 24 மணி நேரக் கெடுவைக் கடிகாரப்படி யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி காலை தகப்பனார். அந்தக் கெடுவை எழுதியவர்கள், மாஜிஸ்திரேட் ஆளின் உடம்பையும் முகத்தையும் பார்ப்பார் என்று நம்பித்தான் எழுதினார்கள். அந்த வழக்கில் கைதான போலீசார் மீது சி.பி.ஐ. செப்டம்பர் கடைசியில், 90 நாள் முடிவதற்குள், குற்றப்பத்திரிகை போட்டுவிட்டது.

நாமதான் கேக்கணும் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேனே, அதற்கு ஒரு சென்னை வழக்கு உதாரணம். போதைப்பொருள் வழக்கு, அதில் கெடு 180 நாள். 2019 ஜனவரி 31 அன்று கெடு முடிந்தது. மறுநாள் காலை பத்தரைக்கே ஜாமீன் கேட்டாயிற்று. அன்று சாயங்காலம் நாலரை வாக்கில் அதிகாரிகள் ஓடி வந்து குற்றப்பத்திரிகைக்குச் சமமான புகாரைத் தாக்கல் செய்தார்கள். உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. முதலில் கேட்டவனுக்குத்தான் உரிமை என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கேட்காமல் சும்மா இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்திருந்தால் இந்த உரிமை போயிருக்கும்.

அந்தப் பிள்ளை காலண்டரில் கைதான தேதியிலிருந்து எண்ணி வைத்திருந்தாள். எண்ண வேண்டியது மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதோடு, அவள் 90 என்று வைத்திருக்கிறாள். போட்ட பிரிவைப் பொறுத்து 60 ஆகவும் இருக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துக்கொண்டு நாளைக்கே வக்கீலிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.