மீன்பிடிக் கப்பல்களின் காவலன்

இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவு வருவதெல்லாம் பெரிய பெயர்கள்தாம். ஹிட்லர், பேர்ல் ஹார்பர், யமாட்டோ போர்க்கப்பல், அணுகுண்டு. ஓய்வு பெற்றபின் ஆற அமர அந்தக் காலத்துக் கடற்போர் வரலாற்றைப் படித்துவரும் எனக்கு, இந்தப் பெரிய பெயர்களைவிட ஒரு சின்னக் கப்பலின் கதைதான் மனதில் தங்கிவிட்டது. அதன் பெயர் ஷிமுஷு.

ஜப்பானுக்கு வடக்கே, ரஷ்யாவின் கம்சட்கா முனை வரைக்கும் மணி கோத்தாற்போல் நீளும் தீவுகளுக்குக் கூரில் தீவுகள் என்று பெயர். அவற்றில் வடகோடியில், கம்சட்காவுக்கு எதிரே இருப்பது ஷிமுஷு தீவு. அன்று அது ஜப்பானிடம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடலில் மீன் ஏராளம். அதற்காக ஜப்பானுக்கும் சோவியத் நாட்டுக்கும் ஓயாத தகராறு. தங்கள் மீன்பிடிக் கப்பல்களுக்குக் காவலாக ஜப்பான் கட்டியதுதான் இந்தக் கப்பல். 1940 ஜூன் 30 அன்று கடற்படையில் சேர்ந்தது.

எடை 860 டன். நீளம் ஏறக்குறைய 78 மீட்டர். பனிக்கட்டி மிதக்கும் கடலைத் தாங்கும்படி உறுதியான உடல், டீசல் எஞ்சின், மூன்று பீரங்கிகள். நீர்மூழ்கிகளை அடிக்கும் ஆழ்வெடிகள் மட்டும் வெறும் 12. கப்பல் சிறிதானாலும் மரியாதை பெரிது. முகப்பில் அரச வம்சத்தின் செவ்வந்திப்பூச் சின்னத்தைப் பொறித்திருந்தார்கள்.

குளிர்க்கடலுக்கென்று கட்டிய கப்பல் போர் தொடங்கியபோது எங்கே நின்றது தெரியுமா? கொதிக்கும் தெற்கில். 1941 டிசம்பர் 8 விடியற்காலையில், மூன்று துருப்புக் கப்பல்களுக்கு வழித்துணையாக தாய்லாந்தின் நகோன் சி தம்மராட் கரையை ஒட்டி வந்து சேர்ந்தது. அதே இரவில் சிங்கோராவிலும் பட்டாணியிலும் மலாயாவின் கோத்தா பாருவிலும் மற்றப் படைகள் இறங்கின. எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் விழுந்தது.

அதன்பின் நடந்தது நம்மவர் பலருக்கு வீட்டுக் கதை. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியாகி, திரும்பாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படையெடுப்புக்குத் துணை வந்த கப்பல்களில் ஒன்று, மீனவர்களைக் காக்கப் பிறந்த ஷிமுஷு என்று படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டேன்.

ஜப்பான் போருக்குப் போனதே தெற்கின் எண்ணெய்க்காகவும் ரப்பருக்காகவும் தகரத்துக்காகவும்தான். அவற்றைக் கப்பலில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்த்தால்தானே பயன்? அந்தச் சரக்குக் கப்பல்களுக்கு யார் காவல்? இந்த வகையில் அன்று ஜப்பானிடம் இருந்தவை நான்கே நான்கு: ஷிமுஷு, குனாஷிரி, ஹச்சிஜோ, இஷிகாகி. ஆனால் போர் தொடங்கிய எட்டாம் நாள் யமாட்டோவைக் கடற்படையில் சேர்த்தார்கள். அதன் எடை 64,000 டன். அந்த எடைக்கு எழுபதுக்கு மேல் ஷிமுஷுக்கள் கட்டியிருக்கலாம். அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, காவலுக்கு ஆள் வைக்காமல் வீட்டு முகப்புக்குத் தூண் செதுக்கிய கதைதான்.

அமெரிக்க நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. 1943 நவம்பரில்தான் வழித்துணைக்கென்று ஒரு தனித் தலைமையகத்தை அமைத்தார்கள். பிறகு ஒரே அவசரம். போர் முடிவதற்குள் பல வகைகளிலுமாக ஏறக்குறைய 170 காவல் கப்பல்கள் கட்டி முடிந்தன. முதலில் கட்டியவற்றுக்குத் தீவுகளின் பெயர். பின்னால் பெருந்தொகையாகக் கட்டிய இரண்டு வகைகளுக்குப் பெயரே இல்லை, எண் மட்டும்தான். ஒன்றுக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை.

1944 நவம்பரில், பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவுக்குப் படை ஏற்றிச்சென்ற கப்பல் அணிக்கு ஷிமுஷு காவல் போனது. ஒர்மோக் விரிகுடாவில் அமெரிக்க விமானங்கள் தாக்கியதில், கூட வந்த எண் 11 அங்கேயே அழிந்தது. ஷிமுஷு தப்பியது. ஆனால் அதே மாதம் 25ஆம் தேதி, மணிலாவுக்கு அப்பால், ஹாடோ என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோ அதைத் தாக்கியது. அந்தச் சின்ன உடம்பு அதையும் தாங்கி, முழுகாமல் கரை சேர்ந்தது. யமாட்டோவோ 1945 ஏப்ரல் 7 அன்று கடலடிக்குப் போய்விட்டது.

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. மூன்றாம் நாள், ஆகஸ்ட் 18 அன்று, சோவியத் படைகள் ஷிமுஷு தீவில் இறங்கின. போர் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த வீரர்கள் இரு தரப்பிலும் அங்கே மாண்டார்கள். தீவு ரஷ்யர் கைக்குப் போனது.

கப்பல் ஷிமுஷுவுக்கோ கடைசியாக ஒரு நல்ல வேலை கிடைத்தது. பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, அயல்நாடுகளில் தவித்த ஜப்பானியரை ஊருக்கு அழைத்துவரும் கப்பலாக ஓடியது. அதன்பின், வெற்றி பெற்ற நாடுகள் மிஞ்சிய கப்பல்களைப் பங்கிட்டுக்கொண்டபோது, 1947 ஜூலையில் ஷிமுஷு சோவியத் நாட்டின் பங்காகப் போயிற்று. யாரிடமிருந்து மீனவர்களைக் காக்கக் கட்டினார்களோ அவர்களிடமே, பெயர் கொடுத்த தீவு போன வழியே அதுவும் போய்ச் சேர்ந்தது. 1959இல் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

சயாம் பாதையில் மாண்ட நம் மக்களுக்கு ஊர், பெயர் எழுதிய முழுப் பட்டியல் கிடையாது. இந்தக் கப்பலுக்கோ சேர்ந்த நாள், அடிபட்ட நாள், கைமாறிய மாதம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மலாயா போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.